அசல் பித்து

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விருதுநகரில் என் நண்பர் ஒருவருடைய வீட்டு முற்றத்தில் நாங்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தோம். நண்பர், நான், லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், பழைய கார்களைப் பற்றிச் சகலமும் அறிந்தவர் என்று பெயர் வாங்கிய ஒரு சென்னைக் கனவான். எங்களுக்கு நடுவில் ஒரு கார் நின்றது.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் குடையை விரிப்பது போல் ஒரு துணியை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். வேகத்துக்காகவும் அழகுக்காகவும் செய்த சாமானே தவிர, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்கானது அல்ல. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த ஜில்லாவில் அது யாரிடம் இருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். நண்பருடைய பாட்டனார் வற்றல் வியாபாரி. மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறபோது ஏதோ பாக்கிக்கு ஈடாக இந்த வண்டியைப் பெரியவர் தலையில் கட்டிவிட்டாராம். பெரியவருக்கு அதில் ஏறி உட்காரக் கூச்சம். "வேட்டி கட்டினவன் ஏறுற வண்டியா இது?" என்று சொல்லிக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்திவிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் மிளகாய் நெடியில் தும்மாமல் கிடந்த அந்த வண்டியை என் நண்பர் நாலு வருஷம் பாடுபட்டு உயிர்ப்பித்திருந்தார்.

கனவான் வண்டியை மூன்று முறை வலம் வந்தார். வர்ணம் பேஷ் என்றார். தோல் மெத்தை பேஷ் என்றார். எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். தண்ணீர்ப் பம்பின்மேல் அவர் பார்வை நின்றது.

"இது எங்கே வாங்கியது?"

"வாங்கவில்லை, சார். இதோ, அண்ணாச்சி செய்து கொடுத்தது" என்றார் நண்பர், மகனுக்கு முதல் மார்க்கு வந்ததைச் சொல்கிற தகப்பனைப் போல.

கனவான் நிமிர்ந்தார். கைகளைத் தட்டிக்கொண்டார். "ஓ, லோக்கலா? அடடா, நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டீர்களே!"

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்தப் பம்பின்மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். பிறகு, "பட்டறையில ஆள் வருவாங்க, நான் வாரேன்" என்று புறப்பட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறைக்கு யாரும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பம்பின் கதை இது. பழைய பம்பின் உடல் துருவேறி விரிசல் விட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம் என்று நண்பர் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அங்கே கிடைத்ததும் யாரோ ஒருவர் வண்டியிலிருந்து கழற்றிய பழையதுதான். அதற்குள்ளும் எவ்வளவு துருவோ, யார் கண்டது? அண்ணாச்சி பழைய உடலை அளந்து, மரத்தில் மாதிரி செதுக்கி, கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படச் சாலைக்கு அனுப்பினார். முதலில் வந்த வார்ப்பில் காற்றுக் குமிழி. இரண்டாவதிலும் குமிழி. தட்டிப் பார்த்துவிட்டு இரண்டையும் மூலையில் எறிந்தார். மூன்றாவதை லேத்தில் ஏற்றிக் கடைந்தார். அசல் பம்பில் தண்ணீர் ஒழுகாமல் இருக்கத் திணிக்கிற திணிப்பு, சொட்டுச் சொட்டாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் அதை வண்டியின் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டார்கள். அண்ணாச்சி அந்த ஏற்பாட்டை மாற்றி, உள்ளே மூடிய பேரிங்கும் இந்தக் காலத்துச் சீலும் வைத்தார். மூன்று மாத வேலை. பட்டறை முற்றத்தில் ஒரு சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். கீழே விரித்திருந்த காகிதத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. பழைய பம்பின் உடலில் கம்பெனியின் பெயர் ஆங்கில எழுத்துக்களில் புடைப்பாக இருந்தது. "அந்த எழுத்தையும் சேர்த்து வார்த்துவிடுங்கள், அண்ணாச்சி. பார்க்கிறவன் அசல் என்றே நினைப்பான்" என்று நண்பர் யோசனை சொன்னார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். "நாம செஞ்சதுக்கு அவன் பேரு எதுக்கு, தம்பி? நாளைக்கு ஒழுகிச்சின்னா அவனையில்ல வைவாங்க?" என்றார். மாதிரியிலிருந்து அந்த எழுத்துக்களை இழைத்து எடுத்துவிட்டே வார்க்க அனுப்பினார். அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் பொய் சொல்ல இசைந்திருந்தால், கனவான் "பம்பும் பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

இதுதான் என் வழக்கு. யோக்கியன் ஒருவன் தன் வேலையைத் தன் வேலை என்று சொன்னதற்காக அவமானப்பட்டான். அதே வேலையைப் பொய்ப் பெயரில் செய்திருந்தால் பாராட்டுப் பெற்றிருப்பான். இப்படி ஒரு தராசை வைத்துக்கொண்டு எதை நிறுத்தாலும் எடை தவறாகத்தான் இருக்கும்.

அசல், அசல் என்கிறார்களே, அசல் என்பது என்ன? கார்க் கம்பெனி தன் கையால் செய்ததுதான் அசல் என்றால், உலகத்தில் ஒரு கார்கூட அசல் அல்ல. அந்தக் காலத்து இங்கிலீஷ் பந்தயக் கார்களைப் பிரித்துப் பாருங்கள். விளக்கு, டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாம் பர்மிங்ஹாம் லூக்காஸ் கம்பெனியார் செய்தது. கார்புரேட்டர் எஸ்.யூ. டயர் இன்னொருவர். பிரேக் மற்றொருவர். இவற்றையெல்லாம் விலைக்கு வாங்கி, ஒன்றாய்க் கோர்த்து, முகப்பில் தன் முத்திரையைக் குத்தியவர்தான் 'தயாரிப்பாளர்'. அதே லூக்காஸ், டி.வி.எஸ்ஸோடு சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் சென்னைக்குப் பக்கத்தில் பாடியில் தொழிற்சாலை வைத்தது. கர்லிங் பிரேக்குகளும் அதே காலத்தில் அதே பாடியில் செய்யப்பட்டன. பர்மிங்ஹாமில் செய்த டைனமோ அசல். அதே வரைபடத்தைப் பார்த்து, அதே பெயரில், பாடியில் நம் ஆள் செய்த டைனமோ என்ன? பாதி அசலா? 1990-களில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்காரர்கள், இங்கிலாந்தில் இருந்த இயந்திரங்களையே விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பினார்கள். அந்த மூடியைத் தலையில் வைத்துக்கொண்டு அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கார்களைப் பார்த்து, "லோக்கல்!" என்று யாரும் முகம் சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

புல்லட் மோட்டார் சைக்கிளின் கதை இன்னும் வேடிக்கை. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது, இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் செய்த பாகங்கள் இங்கே வந்து கோர்க்கப்பட்டன. அப்போது ரெட்டிச் அசல், சென்னை நகல். பிறகு கருவிகளும் அச்சுகளும் வந்து சேர்ந்து முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவாகத் தொடங்கியது. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூர் மூடப்படவில்லை. 1977 முதல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் இருக்கிறாள். இனி எதைப் பார்த்து எதை நகல் என்பது? கனவான்களைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பார்கள். அந்தப் பதிலில் எப்படியும் கடல் ஒன்று இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் செய்தால் அசல். இந்தப் பக்கம் செய்தால் லோக்கல்.

இந்த நோய் எங்கள் வட்டாரத்துக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் இந்தியாவுக்குத் தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் உரசிய முதல் குச்சி 'லோக்கல்' குச்சிதான். ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி பெரிய இயந்திரங்களை வைத்துக்கொண்டு செய்ததற்கு எதிரே, கையால் அடுக்கி, கையால் மருந்தில் தோய்த்து, கையால் லேபிள் ஒட்டி விற்றார்கள். அடுப்பு அதனாலும் எரிந்தது. எந்தச் சாம்பாரும் 'இது ஸ்வீடன் நெருப்பு அல்ல' என்று கொதிக்க மறுக்கவில்லை. அந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெரிய ஜப்பானும் ஒரு காலத்தில் மட்டச் சரக்குக்கும் நகலுக்கும் பேர்போன நாடாகத்தான் இருந்தது என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

இருக்கட்டும். அசல் என்பதற்கு நம்மிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப் பூரத்துக்குத் தேர் பார்த்திருக்கிறீர்களா? அதையும் இங்கிலீஷ்காரன் 'கார்' என்றுதான் எழுதி வைத்தான். அந்த விதத்தில் இந்தக் கட்டுரைக்கு அது சம்பந்தமில்லாதது அல்ல. தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. என் பாட்டி காலத்தில் அது நிலையை விட்டுப் புறப்பட்டால் திரும்பி வந்து சேர நாள்கணக்கு ஆகுமாம். அந்தப் பிரம்மாண்டத்தை மரச் சக்கரங்களில் இழுப்பதென்றால் ஆயிரக்கணக்கான தோள்கள் வேண்டும். திருப்பத்தில் சறுக்குக் கட்டை போடுகிறவனுக்கு உயிர் கையில் இல்லை. இப்போது அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. சில மணி நேரத்தில் வீதி சுற்றி நிலைக்கு வந்துவிடுகிறது. திருவாரூர் ஆழித் தேருக்கும் திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெல் என்பது கொதிகலன் செய்கிற கம்பெனி. எந்தச் சிற்ப சாஸ்திரமும் அதைத் தேர்ச் சக்கரத்துக்கு அங்கீகரிக்கவில்லை. ஆனால், "சக்கரம் அசல் இல்லை, ஆகையால் இது ஆண்டாள் தேர் இல்லை" என்று வடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போன பக்தன் ஒருவனையாவது காட்டுங்கள், பார்ப்போம்! தேர், ஓடுவதற்காக ஏற்பட்டது. ஓட வைப்பதற்கு எது வேண்டுமோ அதைச் செய்தார்கள். அதே சமயம் மேலே இருக்கிற மரச் சிற்பங்களைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக்கில் வைக்கவில்லை. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்கிற விவேகம் இருந்தது. கார்க் கனவான்களுக்கு அந்த விவேகம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வெள்ளைக்காரன் தீர்ப்பு இருந்தால்தான் மனசு ஆறும் என்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது. 1929-ஆம் வருஷமும் 1930-ஆம் வருஷமும் பிரான்சில் லெ மான் என்ற இடத்தில் நடந்த இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்தில் ஒரு பென்ட்லி கார் ஜெயித்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று அதற்குப் பெயர். பிறகு அதைப் பந்தயத்துக்கு மேலும் மேலும் திருத்தினார்கள், விபத்து நேர்ந்தது, எஞ்சின் மாற்றினார்கள், சட்டம் மாற்றினார்கள், உடல் மாற்றினார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதை ஒரு கோடி பவுனுக்கு விலை பேசினார்கள். வாங்க இசைந்தவர்கள், "இது அந்தக் கார் அல்ல" என்று பின்வாங்க, வழக்கு லண்டன் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 1990-இல் நீதிபதி ஆட்டன் தீர்ப்புச் சொன்னார். பந்தயத்தில் ஓடிய அன்றைய இரும்பில் மிகக் கொஞ்சமே அதில் மிச்சம் என்பதை ஒப்புக்கொண்டே, அது அறுபடாத ஒரே வரலாறு உள்ள வண்டி, ஆகவே அதுதான் ஓல்டு நம்பர் ஒன் என்றார். இரும்பைப் பார்க்காதே, வரலாற்றைப் பார் என்கிறது சீமைக் கோர்ட்டு. எங்கள் முற்றத்துக்கு வந்த கனவானோ தண்ணீர்ப் பம்பைப் பார்க்கிறார்!

இனி அசலால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கனவான் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது. அப்போது நண்பருக்கும் இந்தப் பித்து முற்றியிருந்தது. பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கிண்ணங்களை மாற்ற வேண்டும். அந்தக் கிண்ணம்தான் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. உள்ளூர் மெக்கானிக், "சார், அளவு கொடுத்தா மதுரையிலேயே புதுசா கிடைக்கும்" என்றார். நண்பர் கேட்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முந்திய சரக்கு, உபயோகிக்கப்படாதது, அந்தக் காலத்து அட்டைப்பெட்டியோடு வெளிநாட்டில் ஒருவரிடம் கிடைத்தது. விலையைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். பெட்டி வந்த அன்று வீட்டில் ஒரு சின்ன உற்சவம். மஞ்சள் பூத்த அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் இருவரும் அந்த வண்டியில் சிவகாசிக்குப் போனோம். ஆமத்தூர் தாண்டி, திருத்தங்கலை நெருங்குகிற நேரம். பட்டாசு ஆலைகளில் வேலை முடிகிற வேளை என்றால் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கிராமங்களுக்குத் திரும்புகிற பெண்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் வரிசையாய்ப் போகும். எங்களுக்கு முன்னால் ஒரு வேன் யாரையோ இறக்குவதற்காக நின்றது. நண்பர் பிரேக்கை அழுத்தினார். கால் தரைவரைக்கும் போயிற்று. வண்டி நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார், மறுபடியும் தரை. வேனின் பின் கண்ணாடி வழியே ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூரையில்லாத காரைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நண்பர் கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துச் சாலையோரத்துச் சீமைக் கருவேலங் காட்டில் வண்டியை விட்டார். நெற்றியில் இரண்டு முள், கையில் நாலு முள். வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற தூரம்கூட இருக்கவில்லை.

மறுநாள் சிலிண்டரைப் பிரித்தார்கள். அசல் ரப்பர், விரலால் அழுத்தியதும் வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. நொறுங்காமல் என்ன செய்யும்? ரப்பருக்கு வயசு ஆகும். பெட்டிக்குள் இருந்தாலும் ஆகும். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்ததால் பாலும் கெடாமல் இருக்கும் என்று யாராவது நம்புவார்களா? ஆனால் ரப்பர் விஷயத்தில் நம்புகிறார்கள். ஓடாமல் கிடந்த பழைய டயரைக்கூட, "காடு தேயவில்லை" என்று சந்தோஷமாக மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு மதுரையிலிருந்து அந்தப் புதுக் கிண்ணமே வந்தது. விலை ஒரு நல்ல ஹோட்டலில் இரண்டு பேர் சாப்பிடுகிற செலவு. அதில்தான் வண்டி இன்று நிற்கிறது. 'ஓடுகிறது' என்று எழுத வந்தேன், நிற்பதுதான் முக்கியம்.

இது மட்டுமா? அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசு நுரையீரலுக்கு யமன். பிரிட்டனே 1999-இல் அதைத் தடை செய்துவிட்டது. அசல் வேண்டும் என்கிறவர் அதையும் முகர்ந்து பார்க்கலாம். பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலைக் குடித்து வளர்ந்தவை. அந்த ஈயம்தான் வால்வின் இருக்கையைத் தேயாமல் காத்தது. 2000-த்தோடு நம் நாட்டில் அந்தப் பெட்ரோல் போய்விட்டது. ஆகையால் கடினமான வேறு உலோகத்தில் இருக்கை போட வேண்டும். இல்லாவிட்டால் வால்வு தன் இருக்கையைத் தானே தின்றுவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. பழைய ரப்பர்க் குழாயையும் பம்பின் ஜவ்வையும் அது கரையான் மாதிரி அரிக்கும். எத்தனாலைத் தாங்குகிற புது ரகக் குழாய்தான் போட வேண்டும். கார் பழையதாக இருக்கலாம். அது குடிக்கிற பெட்ரோல் பழையதல்ல, ஓடுகிற சாலை பழையதல்ல, எதிரே வருகிற லாரி பழையதல்ல.

"அப்படியானால் கண்ட சரக்கையும் மாட்டலாம் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இல்லை, ஐயா, இல்லை! நானே நொந்தவன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற சின்ன ரோட்டார் ஒன்று இருக்கிறது. விரல் நீளம்கூட இராது. அதன் மலிவான நகல் ஒன்றை நம்பி நாங்கள் கோவில்பட்டிக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் நடுப்பகலில் மூன்று மணி நேரம் நின்றோம். உள்ளே மின்சாரம் ஒழுகி, எஞ்சின் செத்துவிட்டது. பார்வைக்கு அசலைவிடப் பளபளப்பு. பளபளப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் வலிமை எண் குத்தாத போல்டைப் போடுகிறவனை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு வேறு பெயர் உண்டு, பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் அந்த ரோட்டாரை விற்றவன் செய்த குற்றம், அவன் அதை உள்ளூரில் செய்தான் என்பது அல்ல. எங்கே செய்தது, யார் செய்தது என்று சொல்லாமல், பழைய பெயரும் பழைய முத்திரையும் அச்சடித்த பெட்டியில் வைத்து விற்றான் என்பதுதான்.

பெட்டியைப் பற்றி எங்கள் வட்டாரத்தானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் லேபிளும் செய்கிறோம், வெடியும் செய்கிறோம். சிவகாசி அச்சகத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்தால் நிறம் பிசகாமல் வந்துவிடும். அது எங்கள் பெருமை. ஆனால் பெட்டிமேல் அச்சடித்தது உள்ளே இருக்கும் மருந்தை மாற்றாது என்பதையும் நாங்கள்தான் நன்றாக அறிவோம். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக் கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று சொன்னது. பெட்டியின்மேல் பச்சை முத்திரையும் வந்தது. முத்திரை பச்சையாக இருந்து, மருந்து வேறாக இருந்தால்? சேர்மானம் மாறினால் என்ன ஆகும் என்று மருந்து அறையில் வேலை செய்கிற பெண்ணைக் கேளுங்கள். அவள் முத்திரையைப் பார்ப்பதில்லை. மருந்தைத்தான் பார்ப்பாள். அவள் கையல்லவா உள்ளே இருக்கிறது?

இந்த அசல் பித்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஃபெராரி கம்பெனி 1962-லிருந்து 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்று 36 வண்டிகள் செய்தது. அதில் ஒன்று 2018-இல் அமெரிக்காவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இந்த உலகத்தில் எஞ்சின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் கம்பெனிக் குறிப்போடு ஒத்துப்போனால் ஒரு விலை, போகாவிட்டால் வேறு விலை. அது அவர்கள் பாடு. அந்த வண்டிகள் ஓடுவதற்காக இல்லை, ஏறுவதற்காக இருக்கின்றன, விலையைச் சொல்கிறேன். மியூசியத்தில் வைக்கிற வண்டியின் ஆணியைக்கூட மாற்றாதே என்றால் நானும் கைதட்டுவேன். ஆனால் விருதுநகரிலும் மதுரையிலும் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்துப் பாட்டன் வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவன் தலையில் அந்த ஏலக் கடைச் சட்டத்தை ஏன் சுமத்துகிறீர்கள்? நம் சர்க்காரே இவ்வளவு கடுமையாக இல்லை. 2021-இல் வந்த விதியில், 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துக்களோடு தனிப் பதிவு எண் தருகிறார்கள். சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெருத்த மாற்றம் செய்யாமல் அசல் உருவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தண்ணீர்ப் பம்பைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சர்க்கார் ஆபீசைவிடக் கெடுபிடியான மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விருதுநகர் வியாபாரி எந்தச் சரக்கை வாங்கினாலும் பேரேட்டில் எழுதுவான். பழைய வண்டி வைத்திருக்கிறவரும் ஒரு பேரேடு வைக்கட்டும். இன்ன தேதியில், இன்ன பாகம், இன்ன காரணத்துக்காக மாற்றப்பட்டது. செய்தவர் இன்னார், ஊர் இன்னது. கழற்றிய பழையதை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டுச் சீட்டுக் கட்டி வைக்கட்டும். பாகத்தைச் செய்கிறவன் தன் பெயரையும் வருஷத்தையும் அதில் குத்தட்டும். விற்கிறபோது வண்டியோடு அந்தப் பேரேடும் போகட்டும். வாங்குகிறவன் படித்துப் பார்த்து விலை பேசிக்கொள்வான். என் நண்பர் இப்படி ஒரு சிவப்பு அட்டை நோட்டுப் போட்டுவிட்டார். முதல் பக்கத்தில் வழக்கப்படி பிள்ளையார் சுழி. இரண்டாம் பக்கத்தில் திருத்தங்கல் கருவேலங் காடு. அந்தப் பழைய ரப்பர்த் தூளையும் அதன் மஞ்சள் பெட்டியையும் ஒரு பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்.

கட்டுரையை இங்கே முடித்துவிட்டு எழுந்திருந்தேன். அதற்குள் நண்பர் வந்து ஒரு செய்தி சொன்னார், அதையும் சேர்த்துவிடுகிறேன். சென்னைக் கனவானிடமிருந்து தொலைபேசி வந்ததாம். அவரிடமும் அதே கம்பெனி வண்டி ஒன்று இருக்கிறதல்லவா? அதன் அசல் தண்ணீர்ப் பம்பு ஒழுகுகிறதாம். ரேடியேட்டர் காய்ந்து எஞ்சின் சூடேறிவிட்டதாம். "உங்கள் அண்ணாச்சி எனக்கும் ஒன்று செய்து கொடுப்பாரா? விலையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் உடலில் கம்பெனி எழுத்து மட்டும் இருக்க வேண்டும்" என்றாராம்.

நண்பரும் நானும் பட்டறைக்குப் போனோம். அண்ணாச்சி லேத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"செஞ்சு கொடுத்திரலாம், தம்பி. அதுக்கென்ன? மரத்துல மாதிரிகூட அப்படியே இருக்கு" என்றார். பிறகு லேத்தை நிறுத்திவிட்டு, "ஆனா என் பேரைத்தான் குத்துவேன். விருதுநகர்னும் போடுவேன். அவருக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

கேட்டோம். கனவான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.